‘கீழே விழுந்துட்டேன்’ என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வக்கீலான என் மேசைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தார். ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எழுதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் அது. பக்கத்து விளைக்காரர் (தோட்டத்துச் சொந்தக்காரர்), அண்ணன் முறை உள்ளவர், கையாலை எனப்படும் எல்லைச் சுவர்த் தகராறில் மண்வெட்டிக் கைப்பிடியால் அடித்ததில் இவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தாளில் இருந்ததோ ஒரே வரி: வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறுகிறார்.

“சொந்தத்துல உள்ளவருதானே சாரே, கேசு ஆக்க வேண்டாம்னு நெனச்சேன்” என்றார்.

ஆஸ்பத்திரிச் செலவைத் தருவதாகச் சொன்ன அண்ணன் மூன்று மாதத்தில் கைவிரித்துவிட்டார். இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டோம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வாசிக்கச் சொன்னார். அதோடு வழக்கு சாய்ந்துவிட்டது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவர் என்னிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

அடிபட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்பதே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருக்குத் தெரியவில்லை. போலீஸ் கேஸ் ஒன்று. அது அடித்தவரைத் தண்டிக்க. சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு இன்னொன்று. அது உங்கள் இழப்பை ஈடுகட்ட. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் எந்தப் பக்கம் நம்பும்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதனால் கிரிமினலில் விடுதலை ஆனவரிடமும் இழப்பீடு கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயத்துக்குப் பிரிவு 115, கொடுங்காயத்துக்குப் பிரிவு 117. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும். எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் தேய்த்துக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்தால் அது வெறும் 115 ஆகிவிடும். நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸ் அதைப் புலன் விசாரணை செய்ய முடியாது.

வேண்டுமென்றே ஒருவர் உடம்பின்மேல் கை வைப்பதைத் தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழி செய்யும் சிவில் சட்டம், தாக்குதல் என்கிறது. இதில் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சம்மதமில்லாமல் தொட்டதே தவறு. டாக்டர்களுக்கும் இது பொருந்தும். பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கொடுத்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயாரிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததாக இருந்தாலும் அது தாக்குதல்தான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டும் சம்மதப் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றிடம் விட்ட தாளில் போடாதீர்கள்.

கவனக்குறைவு வேறு மாதிரி. அங்கே எதிராளிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே இல்லை. அவர் எடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தாரா, எடுக்காததால்தான் உங்களுக்கு அடிபட்டதா, அவ்வளவுதான். பக்கத்து விளையில் ஒரு தென்னை உங்கள் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலத்தில் விழுந்தால் “காற்றுக்கு விழுந்தது, நான் என்ன செய்ய” என்பார் உடைமையாளர். ஆனால் மரம் சாய்ந்திருக்கிறது, வெட்டுங்கள் என்று நீங்கள் முன்பே ஒரு கடிதம் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருந்தால், தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. வாய்வழியாக நூறு தடவை சொன்னதைவிட அந்த ஒரு கடிதம் பெரிது.

மின்கம்பி விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. மழைத்தண்ணீர் கட்டிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியால் சைக்கிளில் போனவர் இறந்த வழக்கில், கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, மின்வாரியமே பொறுப்பு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மத்தியப் பிரதேசத்து வழக்கு. தென்னை ஓலை கம்பியில் விழுந்து கிடக்கும் நம் ஊர் இடவழிகளுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இனி அந்த மணிக்கட்டுக்கு வருகிறேன். மணிக்கட்டு மடங்காதவரால் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்து மரத்தைச் சுற்றிச் சரிவாக இழுக்க முடியாது. டாக்டர் ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுப்பார். வருமான இழப்பும் அதே சதவீதம் என்று நினைக்கக் கூடாது. கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை என்று 2011-ல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதனால் தொழிலை நிரூபியுங்கள். தோட்டத்துக்காரர் எத்தனை மரம், எவ்வளவு கூலி என்று எழுதிவைக்கும் நோட்டின் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலே போதும். மாத்திரை வாங்கிய பில், ஆட்டோக்காரரிடம் எழுதி வாங்கிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

ஸ்டேஷனில் சமரசம் பேசுவது தப்பில்லை. சொந்தக்காரர்களுக்குள் அது நல்லதும்கூட. ஆனால் ‘இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டால் இழப்பீட்டு வழக்கும் அங்கேயே முடிந்துவிடும். பணம் கையில் வந்த பிறகு எழுதுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள்.

காலக்கெடு முக்கியம். வாகன விபத்துக்குத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டு. சாதாரண இழப்பீட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு என்றாலும், எதிர்த்தரப்பு அரசுத் துறையாக இருந்தால் ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். சில செயல்களுக்கு ஓராண்டுதான் கெடு.

கோர்ட் கட்டணத்துக்குப் பயந்து பலர் வருவதில்லை. கட்ட வசதியில்லாதவர் அதைக் கட்டாமலே வழக்குப் போட அனுமதி கேட்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். போகும்போது ஏ.ஆர். நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.