மருத்துவ பீடம் தொடங்கும்வரை எங்கே வேலைக்குப் போகலாம்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பீடத்தில் விரிவுரை தொடங்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். "டொக்டர், இவன் சும்மா போனோடை கிடக்கிறான். உங்கடை பக்கம் ஏதும் வேலை இருக்கோ?" என்று கிளினிக்கில் தாய்மார் கேட்பார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன்: பீட அனுமதிக்கு இந்த வேலை துளியும் உதவாது. இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியான அனுமதிக்கு நேர்முகத் தேர்வு இல்லை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான். ஆகவே சான்றிதழைத் தேடிப் போகவேண்டாம், நோயாளியோடு கதைக்கக் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் போகட்டும்.

யாழ் போதனா வைத்தியசாலை அரச நிறுவனம். இரண்டு மூன்று மாதத்துக்கு என்று அங்கே போய் வேலை கேட்க முடியாது. தனியார் வைத்தியசாலைகளின் பதிவு மேசை, பார்மசி, இரத்தப் பரிசோதனை நிலையம், முதியோர் இல்லம் இவைதான் வாய்ப்புள்ள இடங்கள். விளம்பரத்துக்குக் காத்திராமல் முற்பகலில் நேரில் போய்க் கேளுங்கள். பின்னேரம் சனலிங் (நம்பர் எடுத்து வைத்தியரைக் காட்டுவது) தொடங்கினால் முகம்கொடுத்துப் பேச அங்கே ஒருவருக்கும் நேரம் இராது. எவ்வளவு காலம் நிற்பீர்கள் என்பதையும் மறைக்கவேண்டாம்.

என்னைக் கேட்டால் பார்மசி. 'டொக்டராக வரப்போற பிள்ளை குளிசை எண்ணுறதோ?' என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேற் குளிசை கிழமைக்கு ஒருமுறைதான். தவறி ஒவ்வொரு நாளும் குடித்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். "மற்றக் குளிசையளோடை சேத்துக் காலமை குடிக்கிறதோ தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார். பார்மசியில் வேலைக்கு நின்ற பொடியன் தானாகப் பதில் சொல்லாமல் மருந்தாளரைக் கூப்பிட்டான். அவர் வந்து, "எந்த நாள் அம்மா உங்களுக்கு மறக்காது?" என்றார். "வெள்ளி. கோயிலுக்குப் போற நாள்." உறையில் 'வெள்ளி மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவைக்கொண்டே திருப்பிச் சொல்லவும் வைத்தார். பீடத்தில் இந்த மருந்தைப் படிக்கும்போது அந்தப் பொடியனுக்கு உறையும் கண்முன் வரும்.

பதிவு மேசையிலும் படிக்க இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து வருகிறவருக்கு இரவு ஏழு மணிக்கு நம்பர் கொடுத்தால் திரும்பிப் போகப் படகு இராது. சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் பேருந்து பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்த்தான் கடல் தாண்டவேண்டும். "எந்த இடம் ஐயா?" என்று கேட்டுவிட்டு நம்பர் கொடுக்கிற பிள்ளை அந்த மேசைக்குத் தேவை.

பெற்றோருக்கும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் யாரை விசாரித்தாலும் மூன்றாவது கேள்வியில் சொந்தம் பிடித்துவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கர்ப்பப் பரிசோதனையோ, வாத்தியாரின் மனநலக் குளிசையோ உங்கள் மகனின் கையால்தான் போகும். "இண்டைக்கு ஆர் வந்தவை?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்காதீர்கள். கேட்டாலும் "ஆக்கள் வந்தவை அம்மா" என்பதற்கு மேல் அவன் சொல்லக்கூடாது. நோயாளியின் மருந்துத் துண்டைப் படமெடுத்து நண்பனிடம் விளக்கம் கேட்பதும் இதற்குள் அடங்கும்.

"ஊசி போடப் பழக்கிவிடுறன்" என்று எங்காவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆள் பற்றாக்குறையில் சில இடங்களில் அப்படிக் கேட்பதுண்டு. தகுதியும் பதிவும் இல்லாதவர் ஊசி போட்டு ஒன்று நடந்தால் 'பழகவந்த பிள்ளை' என்று எவரும் விடமாட்டார்கள். குப்பை அள்ளும்போது தற்செயலாக ஊசி குத்தினால் இரத்தத்தைப் பிதுக்கவேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். முதல் சில மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஏச்சு விழும் என்று பயந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள்.