ஆகஸ்ட் 1-க்கு முன்னால் வட்டாரக் கிளைக்கு இருக்கும் வேலை

ஆசிரியர் சங்கம் என்றால் கொடி, பந்தல், கலெக்டர் ஆபீஸ் முன்னால் கோஷம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உறுப்பினர்களிலும் பலர் அப்படித்தான். சந்தா கட்டி ரசீதை பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவல் ஆணை கைக்கு வந்த அன்று சாயங்காலம், "ஏனுங்க தலைவரே, இதை நிறுத்த முடியாதுங்களா?" என்று போன் வரும். அந்த நேரத்தில் வட்டாரக் கிளையால் ஆவது மிகக் கொஞ்சம். வேலை பார்க்க வேண்டிய மாதங்கள் ஜூனும் ஜூலையும்.

அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5 பேர். 150-ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் தனி. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருந்தாக வேண்டும். 61-க்கும் 60-க்கும் ஒரு பிள்ளைதான் வித்தியாசம், ஆனால் பள்ளியில் ஒரு ஆசிரியர் குறைந்துவிடுவார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். அன்றைக்குப் பாடம் நடப்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

நம் பகுதியில் இந்த எண்ணிக்கை எளிதில் நிற்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில், நாமக்கல்லில் கோழிப்பண்ணை என்று வடக்கேயிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏராளம். ஆர்டர் இருந்தால் இருப்பார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். தாளவாடி, பர்கூர் மலையில் கதை தலைகீழ். கரும்பு வெட்டுக்கும் மற்ற கூலி வேலைக்கும் பெற்றோர் கீழே இறங்கும்போது பிள்ளையும் கூடவே போய்விடும். வீட்டில் பாட்டி இருந்தால் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்கலாம். அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது வகுப்பாசிரியர்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தும் கணக்கில் வராத பிள்ளைகள்தான் பெரிய தலைவலி. மாணவர் விவரமெல்லாம் பதிவாகும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி விடுவித்து 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்பில் சேர்த்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கட்டணப் பாக்கியைக் காட்டித் தனியார் பள்ளி விடுவிக்காமல் இழுத்தடிக்கும். தலைமையாசிரியரும் "அடுத்த வாரம் பண்ணிடுவாங்க" என்று ஜூலை முழுக்கக் காத்திருப்பார். காத்திருக்க வேண்டியதில்லை. டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் பெயர், எமிஸ் எண், பழைய பள்ளி, இங்கே வர ஆரம்பித்த தேதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் வரும்படி எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிட வேண்டும். கிளைச் செயலாளர் ஜூலை முதல் வாரத்திலேயே பள்ளிவாரியாக இந்தத் தாள்களைச் சேர்த்து, ஒன்றியம் முழுவதற்கும் ஒரே பட்டியலாகக் கொண்டுபோனால் அலுவலகமும் அசையும். வாய்வார்த்தையாகச் சொன்னதை ஆகஸ்டில் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 58 இருக்கும் இடத்தில் 61 காட்டச் சொல்லி, பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத பிள்ளைகளை வருகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, சில இடங்களில் சங்கத்துக்காரர்களே யோசனை சொல்கிறார்கள். காலை உணவு, சத்துணவு, பாடநூல், சீருடை எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எழுத வேண்டிவரும். பார்வைக்கு வரும் அலுவலர் பதிவேட்டையும் சத்துணவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை மணியில் வெளியே வந்துவிடும். பிறகு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருவது தலைமையாசிரியருக்கு. யோசனை சொன்னவருக்கு ஒன்றும் வராது.

குறிப்பாணை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் அன்று இரவே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் அதிகம். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போய் முடியும். குறிப்பாணையைத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், அதில் சொல்லியுள்ள ஆவணங்களின் நகலைக் கேளுங்கள், கொடுத்திருக்கும் கெடுவுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். எழுதிய வரைவைக் கிளையில் ஒருவரிடமாவது காட்டிவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது முன்னுரிமைப் பட்டியல். பள்ளியில் ஆசிரியர் உபரி என்று வந்தால் பணியில் இளையவர் யார் என்ற கேள்வி எழும். பதில் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் இருக்கிறது, அதை வருஷத்துக்கு ஒருமுறை வாங்கிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. பார்க்கும்போது முதல் நியமன நாள், தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, சான்றிதழ்களின் உண்மைத்தன்மை, 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்கிற ஊதிய உயர்வுகள், விடுப்புக் கணக்கு இவையெல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மைத்தன்மைச் சான்று வராமல் தேர்வுநிலை வருஷக்கணக்கில் தேங்கிக் கிடப்பது சாதாரணம். 2019 ஜனவரி வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்கள், அந்த நாட்களைப் பணிக்காலமாக முறைப்படுத்தி 2021-இல் வந்த ஆணைப்படி பதிவு போடப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

முன்பு ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை 2023 டிசம்பர் 21-இல் வந்த அரசாணை 243 மாநில அளவுக்குக் கொண்டுபோனது. தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் அதை எதிர்த்துப் போராடியதன் நியாய அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். முன்பு ஒரு தேதி தப்பாக இருந்தால் ஒன்றியத்துக்குள் ஏழெட்டுப் பேருக்கு முன்பின்னாகும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலேயே பேசித் திருத்திவிடலாம். இப்போது அதே தவறு ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே போய் உட்காருகிறது. அதனால் வரைவுப் பட்டியல் வந்த நாளிலேயே உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பி, ஆட்சேபணை இருந்தால் எஸ்.ஆர். பக்கத்தின் நகலோடு எழுத்தில் வாங்குவது கிளையின் கட்டாய வேலை. வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். தள்ளிவிட்டதோடு கடமை முடிந்ததென்று இருந்தால், கைபேசியில் திறந்தே பார்க்காதவர்தான் கடைசியில் அழுதுகொண்டு வருவார்.

இவ்வளவுக்குப் பிறகும் பணிநிரவல் ஆணை வந்துவிட்டால், வாங்க மாட்டேன் என்று மறுப்பதும் மருத்துவ விடுப்பில் போய் உட்காருவதும் வேண்டாம். ஆணையைப் பெற்றுக்கொண்டு புதிய பள்ளியில் சேருங்கள். சேர்ந்த அறிக்கையின் நகலையும், எந்த விதிப்படி தவறு என்பதையும் வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். ஒன்றியம் விட்டு ஒன்றியம் போனால் எஸ்.ஆரும், கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் காட்டும் முன் ஊதியச் சான்றும் கூடவே வருகின்றனவா, அரசு சம்பளம் போடும் இணையதளமான களஞ்சியத்தில் உங்கள் பெயர் பழைய அலுவலகத்திலிருந்து புதிய அலுவலகத்துக்கு மாறியதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியல் போவதற்குள் மாறாவிட்டால் சம்பளம் அடுத்த மாதம்தான்.