விண்டேஜ் கிட்டார் என்றால் எந்தக் காலத்துக் கிட்டார்?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ உட்கார்ந்தபடி இணையத்தில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் தேடுகிறவர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிற சொல் விண்டேஜ். 1962-இல் செய்த ஃபெண்டர் கம்பெனி கிட்டாரும் விண்டேஜ். போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த, தந்தியை முறுக்கும் ட்யூனிங் கீயும் விண்டேஜ். முன்னதற்கு லட்சக்கணக்கான ராண்ட், பின்னதற்குச் சில நூறு. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

வேர் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. லத்தீனில் வீனும் என்றால் திராட்சை மது, தேமெரெ என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த விந்தேமியா திராட்சை அறுவடையைக் குறித்தது. பிரெஞ்சில் அது வாந்தாஞ்ச் ஆனது. பிரெஞ்சு பேசும் ரியூனியன் தீவுத் தமிழரிடம் கேட்டால் இன்றும் அறுவடை என்றுதான் பொருள் சொல்வார். ஆங்கிலத்திலும் முதலில் அறுவடைதான். பிறகு அந்த அறுவடையின் மது, அப்புறம் அந்த மது விளைந்த ஆண்டு என்று பொருள் நகர்ந்தது. பழமை கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. போன வருடம் பிழிந்த மதுவுக்கும் ஒரு விண்டேஜ் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்டெல்லன்போஷ், பார்ல் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை திராட்சை பறிக்கிறார்கள். புட்டியில் ஓர் ஆண்டைப் போட்டால் உள்ளே இருப்பதில் 85 விழுக்காடாவது அந்த ஆண்டுத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்க விதி. அந்த ஆண்டுக்கு ஆப்பிரிக்கான்ஸில் உஸ்யார் என்று பெயர். 'உஸ்' என்றால் அறுவடை, 'யார்' என்றால் ஆண்டு. நம் காதில் அது 'உஷார்' என்று விழும். கிட்டார் வாங்குகிறவருக்கு ரொம்பப் பொருத்தம்.

மதுவிலிருந்து கிட்டாருக்குச் சொல் நேராக வந்துவிடவில்லை. நடுவில் கார் இருக்கிறது. 1934-இல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930 முடிவதற்குள் செய்த கார்களையே விண்டேஜ் என்று கணக்கில் எடுத்தது. அதற்குப் பின் கார்களின் தரம் விழுந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி. கிட்டார்காரர்களும் இதேபோல ஒரு கோடு கிழித்தார்கள். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது; அதற்கு முன் செய்தது ஒரு ஜாதி, பின் செய்தது வேறு ஜாதி. இன்னொரு பெரிய கம்பெனியான கிப்ஸனில் 1958 முதல் 1960 வரை வந்த, சன்பர்ஸ்ட் நிறம் பூசிய லெஸ் பால் மாடல்தான் உச்சம். பழசுக்கு விலை ஏற ஏற, 1982-இல் ஃபெண்டரே தன் 1957, 1962 மாதிரிகளைத் திரும்பச் செய்து விண்டேஜ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஆண்டைக் குறித்த சொல் இப்படித்தான் தோற்றத்தையும் குறிக்க ஆரம்பித்தது.

பழையதெல்லாம் உயர்ந்தது என்றும் இல்லை. இங்கே காலோ நிறுவனம் செய்த காலோடோன் சாம்பியன் மலிவான கிட்டார், எலெக்ட்ரிக்கும் அல்ல. பீட்டில்ஸ் ஜான் லெனன் சிறுவயதில் வாசித்தது அதைத்தான்.

விற்பவர் விண்டேஜ் என்று சொன்னால், 'எந்த ஆண்டு, காட்டுங்கள்' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காட்ட இடமும் இருக்கிறது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் 'பாட்' (pot) என்று ஒரு மின்பாகம் உண்டு, அதன் முதுகில் எண் குத்தியிருக்கும். 1376412 என்றால், 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 64 என்பது 1964-ஆம் ஆண்டு, 12 அந்த ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். 304 என்று தொடங்கினால் செய்தது ஸ்டாக்போல் என்ற வேறு நிறுவனம். இது பாட் செய்த தேதிதான். அந்த பாட் முதலிலிருந்தே உள்ளே இருந்ததென்றால் கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது, அவ்வளவே. அதனால் பாட்டில் ('pot') கம்பிகளை ஒட்டியிருக்கும் சாலிடரின் படத்தையும் கேட்க வேண்டும்: பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஃபெண்டரில் கழுத்தைக் கழற்றினால் அடியில் பென்சிலிலோ முத்திரையாகவோ பெரும்பாலும் தேதி இருக்கும். பின்னால் உள்ள சீரியல் எண் தகட்டை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது புத்திசாலித்தனமல்ல. நான்கு திருகைக் கழற்றினால் அது வேறு கிட்டாருக்குப் போய்விடும்.

உதிரிபாகத்தில் இன்னும் உஷார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப்; பி.ஏ.எஃப். என்கிற பழைய கிப்ஸன் பிக்கப்பின் அடியில் பெரும்பாலும் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்லும் சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். அந்தத் தாளையே இப்போது புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். மதுவுக்கு 85 போதும். இங்கே ஒரு திருகு மாறினாலும் பேரம் மாறும். மறுபடி பெயின்ட் அடித்த கிட்டாருக்கு ஏறக்குறைய பாதி விலை என்பது வியாபாரிகள் கணக்கு. டர்பன் கடற்காற்றில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் துருப்பிடித்து, மாற்றியிருப்பது சகஜம். பழைய பிரிட்ஜை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பழங்கால' என்றால் சோழர் காலம் நினைவுக்கு வருகிறது, 1964 அல்ல. 'தொன்மையான' என்பது ஆன்டீக்குக்கு உரியது. வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புரியவும் புரியாது. வெறும் 'பழைய' என்றால் செகண்ட் ஹேண்ட் ஆகிவிடும்.

பொருளால் மிக நெருங்கி வருவது 'விளைந்த'. பயிர் விளைவதும் விளைதல், முற்றிப் பக்குவப்படுவதும் விளைதல். திருமுருகாற்றுப்படையில் 'நீடமை விளைந்த தேக்கள் தேறல்' வருகிறது. நீண்ட மூங்கிலில் அடைத்து முதிர்ந்த, தேனாலான கள் அது. அறுவடையும் மதுவும் முதிர்ச்சியும் ஒரே சொல்லுக்குள் நமக்கு முன்பே கூடியிருக்கின்றன. மதுவுக்கு 'விளைவாண்டு' என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் 'விளைந்த கிட்டார் விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டால் தோட்டத்தில் காய்த்ததா என்பார்கள்.

கிட்டாருக்கு என் தேர்வு 'அந்தக் காலத்து', கூடவே கட்டாயம் ஆண்டு. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் என்றால், 'அந்தக் காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1964'. பழைய மாதிரியைத் திரும்பச் செய்த ரீஇஷ்யூவுக்கு அச்சகத்திலிருந்து 'மறுபதிப்பு' என்பதை எடுத்துக்கொள்ளலாம், அச்சாகப் பொருந்துகிறது. வேண்டுமென்றே சுரண்டித் தேய்த்த ரெலிக் கிட்டாருக்குச் 'செயற்கைத் தேய்ப்பு'. விண்டேஜ் ஸ்டைல் என்பது வெறும் 'பழைய பாணி'. அந்த ட்யூனிங் கீயை அப்படி எழுதி விற்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.