வியெய் வீஞ்: வயது கொடிக்கா, ஒயினுக்கா?

சிவப்பு ஒயின் பாட்டில்களின் லேபிளில், தோட்டத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் காணப்படும் பிரெஞ்சுத் தொடர் ‘வியெய் வீஞ்’. ‘வியெய்’ என்றால் வயதான, ‘வீஞ்’ என்றால் திராட்சைக்கொடி. எழுத்தைக் கூட்டி ‘வியெல்லஸ் விக்னஸ்’ என்று படிப்பவர்கள் உண்டு, அது தவறு. ஆங்கிலத்தில் இதையே ‘ஓல்டு வைன்ஸ்’ என்பார்கள்.

தமிழில் சிக்கல் அந்த ஆங்கிலச் சொல்லோடுதான் வருகிறது. ஆங்கிலத்தில் கொடிக்கும் மதுவுக்கும் முதலெழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘வைன்’. அதனால் ‘ஓல்டு வைன்’ என்பது ‘பழைய ஒயின்’ ஆகி, பல ஆண்டு நிலவறையில் கிடந்த சரக்கு என்ற பொருளைப் பெற்றுவிடுகிறது. உண்மையில் அது சென்ற ஆண்டு அறுத்த பழத்தில் செய்த இளம் ஒயினாக இருக்கலாம். எண்பது வயது கொடிக்கு. லேபிளில் பெரிதாக அச்சாகும் ஆண்டும் அறுவடை ஆண்டுதான், கொடி நட்ட ஆண்டு அல்ல.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒத்து ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. லத்தீனில் மதுவுக்கு ‘வீனும்’ என்று பெயர். மதுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதன் வழி வந்ததே. ‘வீனும்’ என்பதிலிருந்து திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘வீனெயா’ பிறந்தது. அதுவே பிரெஞ்சில் ‘வீஞ்’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் ‘வைன்’ ஆனது. செடிக்கென்று லத்தீனில் ‘வீட்டிஸ்’ என்ற தனிச்சொல் இருந்தும், மதுவின் பெயரே செடிக்கு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் ‘வீஞ்’ கொடியையும் குறிக்கும், தோட்டத்தையும் குறிக்கும். ஜெர்மன்காரர்கள் ‘ஆல்ட்டே ரேபன்’ என்கிறார்கள். அதிலுள்ள ‘ரேபன்’ கொடியை மட்டுமே குறிப்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

எத்தனை வயதானால் ‘வியெய்’? பிரெஞ்சுச் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதுக் கொடிக்கும் அந்தப் பெயரைப் போடலாம், நூறு வயதுக் கொடிக்கும் போடலாம். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009-இல் வகுத்த சாசனம் நான்கு படிகள் வைத்திருக்கிறது: 35 வயதுக்கு மேல் ‘ஓல்டு வைன்’, 70-க்கு மேல் ‘சர்வைவர்’, 100-க்கு மேல் ‘சென்டினேரியன்’, 125-க்கு மேல் ‘ஆன்செஸ்டர்’. தென்னாப்பிரிக்காவில் 35 வயது கடந்த, சான்று பெற்ற தோட்டத்து ஒயினின் பாட்டிலில் நட்ட ஆண்டைச் சொல்லும் முத்திரை ஒட்டுகிறார்கள். இருப்பதில் நேர்மையான ஏற்பாடு இதுதான். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பும் 2024-இல் ஒரு வரையறை தந்தது: ஆவணப்படி 35 ஆண்டு ஆனது மூத்த கொடி, அப்படிப்பட்ட கொடிகள் குறைந்தது 85 விழுக்காடு இருந்தால் அது மூத்த தோட்டம்.

அது என்ன 85? பழைய தோட்டத்தில் கொடிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கும். கவாத்து செய்த வெட்டுவாய் வழியாக யூட்டைப்பா, எஸ்கா போன்ற பூஞ்சை நோய்கள் தண்டுக்குள் இறங்கி, முதலில் ஒரு கிளையைக் காயவைத்து, பிறகு கொடியையே கொல்கின்றன. காலியான இடத்தில் புதுக்கன்று நடுகிறார்கள். முன்காலத்தில் பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை மண்ணில் வளைத்துப் புதைத்துப் பதியம் போட்டார்கள். வேரை உறிஞ்சும் பில்லாக்சரா பூச்சி 1860-களில் பிரான்சில் பரவிய பிறகு அந்த வழி அடைபட்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால்தான் கொடி பிழைக்கும். பதியத்தில் விடுகிற வேரோ ஐரோப்பியக் கொடியின் சொந்த வேர். தெற்கு ஆஸ்திரேலியாவில் இந்தப் பூச்சி இன்னும் நுழையவில்லை. 1840-களில் நட்ட ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சை வகைக் கொடிகள் பரோசாவில் சொந்த வேரிலேயே இன்றும் காய்ப்பது அதனால்தான்.

இத்தகைய கொடிகள் பெரும்பாலும் பந்தலில் ஏறியவை அல்ல. முழங்கால் உயரத்தில் முறுக்கிய அடிமரம். பட்டை நார்நாராக உரிந்து தொங்கும். நடுவில் சில சமயம் பொந்து. மேலே நாலைந்து கிளைகள் கிண்ணம்போல விரிந்திருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் இரண்டு மொட்டு விட்டுக் கவாத்து செய்வார்கள். அந்தக் கிளைகளில் இரண்டு காய்ந்துபோயிருந்தால் காய்ப்பும் அந்த அளவுக்குக் குறையும். விளைச்சல் குறைய முதுமை மட்டும் காரணமல்ல, நோயும் இடைவெளிகளும் காரணம். குறைந்த காய்ப்புக்குப் போதுமான இலை இருந்தால் பழம் சீராகப் பழுக்கும். அடிமரத்தில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தும், ஆழ இறங்கிய வேரும் வறண்ட ஆண்டில் கைகொடுக்கும். அடியில் பாறைத்தட்டு இருந்தால் நூறு வயதானாலும் வேர் இறங்காது. இலைச்சுருள் வைரஸ் பிடித்த கிழக்கொடியில் சர்க்கரையும் ஏறாது. ‘வயதான கொடி என்றாலே உயர்ந்த ஒயின்’ என்பது விற்பனைப் பேச்சு. மட்டமான தோட்டங்களை எப்போதோ பிடுங்கிப்போட்டுவிட்டார்கள், நல்லவை மிஞ்சின என்பதுதான் அதில் பாதி உண்மை.

லேபிளில் ‘வியெய் வீஞ்’ என்பதற்கு முன்னால் அடிக்கடி ‘குவே’ என்று இன்னொரு சொல் வரும். ‘குவ்’ என்றால் தொட்டி. ஒரு தொட்டி கொள்ளும் ஒயின் ‘குவே’. தமிழில் ‘ஈடு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, ஒரு தடவை போட்டு எடுப்பது, அதுவே போதும்.

அந்த ஈடு எவ்வளவு சிறியது? அரை ஹெக்டேர், ஹெக்டேருக்கு 2,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டர். 750 மில்லி பாட்டிலில் சுமார் 1,330. இதை 225 லிட்டர் பீப்பாய்களில் ஊற்றினால் நான்கு நிரம்பி 100 லிட்டர் மிஞ்சும். தொல்லை கொடுப்பது அந்த 100 லிட்டர்தான். அரைப் பீப்பாயாக விட்டால் மேலுள்ள காற்றில் அசிட்டிக் பாக்டீரியா பெருகிக் காடி வாடை ஏறும். அதனால் மிச்சத்தைக் கண்ணாடி ஜாடிகளில் கழுத்துவரை நிரப்பி மூடிவைத்து, மரத்தின் வழி ஆவியாகிக் குறையும் பீப்பாய்களில் அவ்வப்போது ஊற்றி நிரப்புகிறார்கள். சிறிய தொட்டியில் நொதிக்கும்போது சூடும் நிற்காது. 25 முதல் 30 டிகிரி தேவைப்படும் இடத்தில் 20-ஐத் தாண்டாவிட்டால் தோலின் நிறமும் துவர்ப்பும் சரியாக இறங்காது. தொட்டியைப் போர்த்துவது, அறையைச் சூடாக்குவது என்று சமாளிக்க வேண்டும். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிடாவிட்டால் அது காய்ந்து, காடி அங்கேயே தொடங்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பழங்கொடி’ முதலில் தோன்றும். ஆனால் அது பழைய கொடியா, பழம் தரும் கொடியா என்று தெரியாது. ‘முதுகொடி’ இலக்கண சுத்தமானது. சேர்த்து எழுதினால் முதுகு ஒடிவதுபோல் இருக்கிறது. ‘மூத்த கொடி’ என்பதே பொருத்தம். வயதும் மதிப்பும் அதில் இருக்கின்றன, வயது கொடியுடையது என்பதும் தெளிவு. ஆகவே ‘மூத்தகொடி ஒயின்’. தோட்டத்தைச் சொல்ல ‘மூத்த திராட்சைத் தோட்டம்’.

ஒயினுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்கள் ‘தேறல்’ என்பார்கள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. தேறல் என்றால் தெளிந்தது. மூத்தகொடி ஒயின்களில் பலவற்றை வடிகட்டாமலே பாட்டிலில் அடைப்பதால் அடியில் மண்டி தங்கும். குடிப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, பிறகு அசைக்காமல் வேறு கலத்தில் மெல்லச் சாய்த்து, கழுத்தருகே மண்டி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு அதைத் தேறல் என்று தாராளமாகச் சொல்லலாம்.