பையன் வேறு சபைக்குப் போய்விட்டான் என்று வருகிறவர்களுக்கு

நாசரேத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள் அந்த அம்மா. வந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலைக் காட்டினார்கள். ‘எச்சரிக்கை! கள்ள உபதேச சபைகள்’ என்று தலைப்பு. யெகோவாவின் சாட்சிகள், மார்மோன்கள், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்று அது நீண்டுகொண்டே போனது. “மேடம், எம்பையன் இந்த மூணாவதுக்குப் போயிட்டான்” என்றார்கள்.

குடும்ப ஆலோசகராக நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பதினாறு வருடம் ஆகிறது. குடி, கடன், மணமுறிவு என்று வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக, ‘சபை மாறிவிட்டான்’ என்று வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். அதனால் அந்தப் பதற்றம் எனக்குப் புரியும். இங்கே நான் சொல்லும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு இருபத்துநான்கு வயது, ஓசூரில் வேலை. அறையில் உடன் தங்கியிருந்தவனோடு ஓய்வுநாள் சபைக்குப் போக ஆரம்பித்தவன், பிறகு முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஊருக்கு வந்தால் இறால் தொடுவதில்லை, நண்டு தொடுவதில்லை. அம்மாவுக்கு அதெல்லாம் கூடப் பெரிதில்லை. “அவன் பொறந்து மூணு மாசத்துல நம்ம கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தோம். அது செல்லாதுன்னு சொல்லிட்டானே” என்றபோதுதான் அழுதார்கள்.

‘கள்ள உபதேசம்’, ‘துர்உபதேசம்’, இப்போது பிள்ளைகள் சொல்லும் ‘கல்ட்’ எல்லாம் ஒரு பொருள் தருவதுபோலத் தோன்றும். ஆனால் அவற்றுக்குள் இரண்டு கேள்விகள் கட்டுண்டு கிடக்கின்றன. இவர்கள் நம்புவது சரியா என்பது ஒன்று. இவர்கள் மனிதரை எப்படி நடத்துகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை; போதகர்களுக்கு உண்டு. இரண்டாவதைக் கேட்கத்தான் நான் இருக்கிறேன். என்னிடம் வருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு மட்டும் பதிலை வைத்துக்கொண்டு வருகின்றன. இரண்டாவதை யாருமே கேட்டிருப்பதில்லை.

முதல் கேள்வியிலிருந்து முத்திரை எப்படி விழுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கிழக்கத்திய சபைகளும் பல காரியங்களில் பிரிந்து நின்றாலும், 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் உருவான விசுவாசப் பிரமாணத்தை ஏற்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்ற திரித்துவம்தான் எல்லைக்கல். யெகோவாவின் சாட்சிகள் இதை மறுக்கிறார்கள். இயேசு தேவனால் படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் போதனை. மார்மோன்கள் வேதாகமத்தோடு, ஜோசப் ஸ்மித் 1830இல் வெளியிட்ட மார்மோன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். மற்ற சபைகள் இவர்களை வெளியே நிறுத்துவதற்கு இவை போதுமான காரணங்கள் என்று நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சபைக்குத் தன் எல்லை எது என்று சொல்ல உரிமை உண்டு.

அட்வென்டிஸ்டுகளின் கதை வேறு. அவர்கள் திரித்துவத்தை ஏற்பவர்கள். ஆனால் வேர் சங்கடமானது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டு, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். வரவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து மீண்டவர்களில் ஒரு பகுதியினர் 1863இல் மிச்சிகனில் அமைத்ததுதான் இந்தச் சபை. எலன் வைட் என்ற பெண்மணியின் தரிசனங்களைத் தீர்க்கதரிசன வரமாக மதித்தார்கள், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார்கள். சுவிசேஷ சபையினர் பல பத்தாண்டுகள் அவர்களைக் கள்ள உபதேசக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். பிறகு 1950களின் நடுவில் வால்டர் மார்ட்டின் என்ற ஆய்வாளரும் டொனால்ட் பார்ன்ஹவுஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரும் அட்வென்டிஸ்ட் தலைவர்களோடு பலமுறை உட்கார்ந்து பேசினார்கள். 1956இல் பார்ன்ஹவுஸ் தன் பத்திரிகையில், இவர்கள் கிறிஸ்துவுக்குள் சகோதரர்கள்தான் என்ற முடிவை வெளியிட்டார். அதை ஏற்காத போதகர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் அம்மாவின் போனுக்கு வந்த பட்டியல் அந்த இரண்டாவது தரப்பிலிருந்து வந்தது.

அம்மாவின் மருமகன் யூடியூபில் தேடி, 1993இல் அமெரிக்காவின் வேக்கோவில் டேவிட் கொரேஷின் கூட்டத்தார் எழுபதுக்கு மேற்பட்டோர் தீயில் மாண்ட காட்சியைக் காட்டியிருக்கிறார். “அதே ஆளுங்கதான் அத்தை” என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மூன்று நாள் தூங்கவில்லை. கொரேஷின் கூட்டத்துக்கு வேர் அட்வென்டிஸ்ட் சபையில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கிளையைத் தொடங்கியவரை அட்வென்டிஸ்ட் சபை 1930களிலேயே நீக்கிவிட்டது. அரைகுறைத் தகவலை ஒரு தாயின் கையில் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டது வேறு. “உங்க ஊர்ப் பக்கம் பிரகாசபுரத்துல சட்டாம்பிள்ளை சபைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?” “பாட்டி சொல்லுவாங்க” என்றார்கள். மிஷனெரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய ஏக இரட்சகர் சபை அது. மிஷனெரி கால்டுவெல் 1849இல் அந்தப் பகுதி நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறு நூல் உண்டாக்கிய காயத்துக்கும் அந்தப் பிரிவில் பங்கு உண்டு. வெள்ளைக்காரர் வழக்கங்களைக் களைந்து, பழைய ஏற்பாட்டு முறைகளை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமையில் கூடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் ஊழியக்காரர்கள் நம் பக்கம் வேலை தொடங்கியதும் இந்த சபையாரோடு உண்டான தொடர்பால்தான். பையன் ஓசூரில் கண்டுபிடித்த சனிக்கிழமை ஆராதனை, அவன் பாட்டியின் ஊருக்குப் பக்கத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அம்மா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அந்நியமான ஏதோ ஒன்று பிள்ளையைக் கவ்விக்கொண்டது என்ற பயம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

முத்திரையின் வரலாறு நீளமானது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலைத் தேசாதிபதிக்கு முன் நிறுத்திக் குற்றஞ்சாட்டுகிறவன், முதல் கிறிஸ்தவர்களையே மதபேதக்காரராக்கி, ‘நசரேயருடைய மதபேதத்துக்கு முதலாளி’ என்றே அவரைச் சொல்கிறான். நம் மண்ணுக்கு வந்தால், தரங்கம்பாடியில் 1706இல் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கினார். சில வருடத்தில் வந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று லுத்தரன்களுக்கு எதிராக நூல்களே எழுதினார். தமிழுக்கு இத்தனை செய்த இருவர் பேரையும் நாம் ஒரே மூச்சில் போற்றுகிறோம். ஒருவருடைய சபை மற்றவருக்குப் பேதகமாக இருந்தது. ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுப்பது பற்றிய கோபமும் பழையதுதான். பெரியவர்களுக்கு மறுமுழுக்குக் கொடுத்ததற்காக ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிச் நகரத்தார் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் புராட்டஸ்டண்டுகள். அந்தக் காலத்தில் மறுமுழுக்குக்காரரைத் துன்புறுத்தியதற்காக லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, அவர்கள் வழிவந்த மெனோனைட்டுகளிடம் 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது.

உபதேசத்துக்குப் பின்னால் வேறு வலிகளும் இருக்கும். ஊர்ச் சபையிலிருந்து பத்துக் குடும்பம் போய்விட்டால் ‘ஆடு திருடுகிறார்கள்’ என்று போதகர் சொல்வார். அந்த வார்த்தையில் கோபத்தோடு இழப்பும் இருக்கிறது. போனவர்கள் சும்மா போவதில்லை. ‘செத்த சபை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்யாணத்துக்கு எந்தச் சபை ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா, பெண் கொடுப்பார்களா என்பதெல்லாம் நம் ஊரில் சபையோடு கட்டப்பட்டவை. என்னிடம் வரும் பெற்றோர் திரித்துவம் என்று தொடங்குவார்கள். அரை மணி நேரம் பேசவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேருவார்கள்.

முத்திரை சொல்லோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசியகீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, தங்கள் நம்பிக்கையால் பாடாமல் இருந்ததற்காகக் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் பிஜோ இம்மானுவேல் வழக்கில் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் களமசேரியில் அவர்களுடைய கூட்டத்தில் குண்டு வெடித்து, ஒரு சிறுமி உட்படப் பலர் இறந்தார்கள். வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புகிறவர்கள் யாரும் இதை விரும்பியிருக்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு கூட்டத்தை மனிதர் கணக்கிலிருந்து எடுத்துவிடும் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி என் மனதை அதிகம் வருத்துகிற விஷயம். ஒரு இளம் ஆசிரியை. கத்தோலிக்க அப்பா, சி.எஸ்.ஐ. அம்மா. அவள் போனது வீட்டு ஜெபக்குழு ஒன்று. அந்தக் குழுவின் விசுவாசத்தில் எந்தப் போதகரும் ஒரு புள்ளி குறை கண்டுபிடிக்க முடியாது. திரித்துவம் உண்டு, வேதாகமம் மட்டும்தான் வேதம். எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. அதனால் வீட்டார், “நல்லதுதானே, ஜெபிக்கத்தானே போறா” என்று இருந்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அவள் சம்பளம் முழுவதும் குழுத் தலைவரின் கணக்குக்குப் போனது. தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். யாரைக் கல்யாணம் செய்வது என்பது அவருக்கு ‘வெளிப்பாடாக’ வந்தது. சந்தேகம் கேட்ட ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் முழங்காலில் நிற்க வைத்து, அவளுக்குள் இருக்கும் ஆவியைத் துரத்தினார்கள். என்னிடம் அழைத்து வரப்பட்டபோது அவள் எடை முப்பத்தெட்டு கிலோ.

இந்த வகையில் உலகம் கண்ட மிகப் பெரிய துயரங்களில் ஒன்றும் இப்படித்தான் இருந்தது. 1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ முந்நூறு பேர் சிறார். அவர்களை நடத்திய ஜிம் ஜோன்ஸ், அமெரிக்காவின் மதிப்புள்ள பெரிய சபைப் பிரிவு ஒன்றில் 1964இல் முறைப்படி அபிஷேகம் பெற்ற போதகர். கென்யாவின் ஷக்கஹோலா காட்டில் 2023இல், உபவாசம் என்ற பெயரில் பட்டினி கிடந்து இறந்த நானூறுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. இயேசுவைச் சந்திக்கப் போகிறோம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அதனால் நான் சபையின் பெயரைக் கடைசியில்தான் கேட்கிறேன். முதலில் கேட்பது மருந்தைப் பற்றி. யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா, ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னார்களா? பிறகு பணம்: தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காதவரை எப்படிப் பார்க்கிறார்கள், கணக்கு யார் பார்க்கிறார், கமிட்டி என்று ஒன்று உண்டா? உறவு: அம்மா அப்பாவோடு பேசாதே என்று சொன்னார்களா? தலைவர் தவறு என்று தோன்றினால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பேன். கடைசியாக, நாளைக்கே போகமாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்பேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் வெளிறினால், அது எந்தச் சபையாக இருந்தாலும் எனக்குக் கவலை வந்துவிடும்.

யெகோவாவின் சாட்சிகளிடமும் இதே கேள்விகள்தான். இரத்தம் ஏற்றக்கூடாது என்ற அவர்கள் போதனையும், சபையிலிருந்து நீக்கப்பட்டவரோடு உறவினர்கூடப் பழகாமல் விலகும் வழக்கமும் எனக்கு உண்மையான கவலைகள். சுயநினைவோடு இருக்கும் பெரியவர் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவை மதிப்பேன். குழந்தைக்கு ஆபத்து என்றால் மருத்துவரைத் தாமதமின்றி உள்ளே கொண்டுவரச் சொல்வேன். இதைச் சொல்ல அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று நிரூபிக்கவேண்டிய தேவை எனக்கு வந்ததேயில்லை. அங்கே அன்போடும் நேர்மையோடும் வாழ்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. பிள்ளையின் வேதாகமத்தைப் பிடுங்காதீர்கள். வாதாடி ஜெயிக்கும் ஒரு அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ‘உன்னைத் துன்பப்படுத்துவார்கள், வீட்டாரே சத்துருவாவார்கள்’ என்று அங்கே முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால், உங்கள் ஒவ்வொரு கூச்சலும் அதை நிறைவேற்றிக் காட்டும். அந்த ஆசிரியை வெளியே வந்தது எப்படி என்று கேட்டீர்களானால், அவள் அப்பா தினமும் இரவு எட்டு மணிக்கு போன் செய்து, ‘சாப்பிட்டியாம்மா’ என்று மட்டும் கேட்டார். பதினோரு மாதம் கேட்டார். ஒருநாள் அவள், “அப்பா, என்னய வந்து கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

நாசரேத்து அம்மாவின் பையனையும் அடுத்த முறை வரச் சொன்னேன். வந்தான். கேள்விகள் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னான். சம்பளம் அவன் கணக்கில்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறான், போகமாட்டேன் என்று சொன்னால் நண்பர்கள் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். அவன் பேசி முடிக்கும்வரை அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் அவனிடமே கேட்டார்கள்.

“நான் செத்தா நம்ம கல்லறைத் தோட்டத்துக்கு வருவியாய்யா?”

“வராம எங்கம்மா போவேன்?”

“சனிக்கிழமைன்னா?”

“சனிக்கிழமைன்னாலும் வருவேம்மா.”