போதைப்பொருள் சோதனைக் கருவியுடன் எல்லை கடப்போர் அறிய வேண்டியவை

போதைப்பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்டறியும் சோதனைக் கருவிகளை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வோரில் மறுவாழ்வுப் பணியாளர்களும் செவிலியர்களும் பிள்ளைகளை எண்ணி அஞ்சும் பெற்றோரும் இருக்கிறார்கள். உயிரைக் காப்பதற்காக அதை வாங்கியவர்கள் சுங்க மேசையின் முன் கடத்தல்காரர்களைப் போல நிறுத்தப்படுவதைக் கண்டதால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். புறப்படும் முன் அவர்கள் ஓர் அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். "தடை ஏதும் இல்லை" என்ற பதிலும் கிடைத்திருக்கும். அந்த அலுவலகம் தன் சட்டத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பதில் அது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

போதைப்பொருள் பற்றிய ஐ.நா. ஒப்பந்தங்களில் சோதனைக் கருவிகளுக்கென்று தனி விதி கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி அவற்றை மருத்துவப் பொருளாகவோ, வேதிப்பொருளாகவோ, போதைப்பொருள் பயன்பாட்டு உபகரணமாகவோ கருதுகிறது. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் உங்கள் கையில் இருப்பது நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டையா, திரவமா என்று பாருங்கள். சொட்டு விட்டால் நிறம் மாறும் திரவக் கருவிகளில் பெரும்பாலானவை அடர் அமிலங்கள். பரவலாகப் பயன்படும் மார்க்விஸ் வினைபொருள் என்பது அடர் கந்தக அமிலத்தில் ஃபார்மால்டிஹைடு கலந்தது. மெக்கே, மாண்டெலின் என்ற மற்ற வினைபொருள்களுக்கும் கந்தக அமிலமே அடிப்படை. அரிக்கும் தன்மையுள்ள இத்தகைய பொருளைப் பயணி கைப்பையிலும் கொண்டுசெல்லக் கூடாது, சரக்கறைக்குப் போகும் பெட்டியிலும் வைக்கக் கூடாது என்பதே விமானப் போக்குவரத்தின் பொது விதி. குப்பி சிறியது, 100 மில்லிலிட்டருக்கும் குறைவு என்று வாதிடுவதில் பயனில்லை, ஏனெனில் அந்த வரம்பு சாதாரணத் திரவங்களுக்கானது. "அப்படியானால் தபாலில் அனுப்பிவிடுங்கள்" என்று சில மேசைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி அனுப்பினால், ஆபத்தான பொருளைத் தபாலில் சேர்த்த குற்றம் உங்கள் பெயரில் பதிவாகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு மேலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெடிபொருள் தயாரிப்பைத் தடுக்கும் 2019/1148 என்ற ஒழுங்குமுறை, 15 விழுக்காட்டுக்கு மேல் அடர்வுள்ள கந்தக அமிலத்தைப் பொதுமக்கள் வைத்திருப்பதையும் உள்ளே கொண்டுவருவதையும் கட்டுப்படுத்துகிறது. போதைப்பொருள் சட்டத்தை வரி வரியாகப் படித்தாலும் இந்த விதி கண்ணில் படாது. கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1988ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், கண்காணிக்கப்படும் வேதிப்பொருள் என்ற சந்தேகமும் உடன் சேர்ந்துகொள்ளும்.

ஃபென்டனைல் என்ற வீரியமிக்க செயற்கைப் போதைப்பொருள் கலந்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டைகளில் அமிலம் இல்லை என்பதால் விமானத்தில் சிக்கல் குறைவு. ஆனால் இறங்கும் இடத்தில் அவற்றுக்கென்று வேறொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலங்கள் ஏற்பதற்கென எழுதப்பட்ட 1979ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம் ஒன்று, போதைப்பொருளின் வீரியத்தையோ தூய்மையையோ அறிய உதவும் கருவிகளையும் தடைசெய்யப்பட்ட உபகரணங்களோடு சேர்த்தது. பல மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 2021 ஏப்ரலில் கூட்டாட்சி அரசின் சுகாதார அமைப்புகளே தங்கள் நிதியில் இந்தப் பட்டைகளை வாங்கலாம் என்று அறிவித்தன, பல மாநிலங்களும் சட்டத்தைத் திருத்தின. ஆனால் கூட்டாட்சியின் அந்த அறிவிப்பு மாநிலக் காவலரைக் கட்டுப்படுத்தாது. திருத்தம் செய்த மாநிலங்களிலும் சில ஃபென்டனைல் பட்டைக்கு மட்டுமே விலக்கு அளித்தன. மற்றச் சோதனைக் கருவிகள் பழைய சட்டத்தின் கீழேயே கிடக்கின்றன. அரசு பணம் கொடுத்து வாங்க அனுமதித்த பொருளை வைத்திருந்ததற்காக ஒருவர் அடுத்த மாநிலத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது நியாயமில்லை. ஆயினும் நிலைமை இதுதான்.

சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கருவியை விட அது எழுப்பும் சந்தேகமே ஆபத்தானது. நியாயமான சந்தேகம் இருந்தால் அங்குள்ள அதிகாரி சிறுநீர் மாதிரி கேட்கலாம், மறுப்பதே குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டிருந்தாலும் அங்கே தண்டிக்கப்படுவார்கள். இத்தகைய நாட்டில் விமானம் மாறுவதாக மட்டும் இருந்தாலும் அந்த மண்ணின் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடிய கண்ணி, பயன்படுத்திய கருவி. ஒருமுறை நனைத்த பட்டையிலும், சோதனை செய்த தட்டிலும், சுரண்டிய சிறு கரண்டியிலும் போதைப்பொருளின் சுவடு ஒட்டியிருக்கும். பல நாடுகளில் சுவடு என்றாலும் அது உடைமைதான்; அளவு தண்டனையைத் தீர்மானிக்கலாம், குற்றத்தை இல்லாமலாக்காது. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில பெட்டிகளில் சேர்க்கப்படும் ஒப்பீட்டு மாதிரியில் உண்மையான போதைப்பொருளே இருக்கலாம். எனவே புதிய, முத்திரை உடைக்காத, உற்பத்தியாளரின் உறையோடும் குறிப்புத்தாளோடும் உள்ள கருவியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவது ஒளித்ததாகவே படும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். உடலில் போதைப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் சிறுநீர்ச் சோதனைக் கருவிகள் பல நாடுகளில் மருத்துவச் சாதனங்களாகவே கருதப்படுகின்றன. இரண்டு மூன்று இருந்தால் சொந்தப் பயன்பாடு என்று விடுபவர்கள், ஒரு பெட்டி நிறைய இருந்தால் இறக்குமதி உரிமம் கேட்பார்கள். நன்கொடைக்காக என்று சொன்னாலும் உரிமம் உரிமம்தான்.

இனி அலைக்கழிப்பு. சுங்கத்தில் கேட்டால் காவல்துறையைக் கேள் என்பார்கள். காவல்துறை சுகாதாரத் துறையைக் காட்டும். சுகாதாரத் துறை, அது மருத்துவச் சாதனம் அல்ல, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கோப்பை மூடிவிடும். இதற்கெல்லாம் தொலைபேசியில் அலையாதீர்கள். தொலைபேசிப் பதில் எந்த மேசையிலும் செல்லாது. சேரும் நாட்டுச் சுங்கத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "சோதனைக் கருவி" என்று மொட்டையாக எழுதாமல், பொருளின் பெயர், அதிலுள்ள வேதிப்பொருள்கள், எண்ணிக்கை, நோக்கம் ஆகியவற்றோடு, உலகச் சுங்க வகைப்பாட்டில் சோதனை வினைபொருள்களுக்கான 3822 என்ற தலைப்பையும் குறிப்பிடுங்கள். எண்ணைப் பார்த்தால்தான் கடிதம் உரிய மேசைக்குப் போகிறது. விமான நிறுவனத்துக்குத் தனியாக எழுதி, வேதிப்பொருள்களின் ஆபத்துகளை விவரிக்கும் உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையுங்கள். ஒருவர் கொடுத்த இசைவு மற்றவரைக் கட்டுப்படுத்தாது. இரண்டு பதில்களையும் அச்சிட்டு வைத்திருங்கள்.

மேசையில் கேட்கும்போது அது என்ன என்று உள்ளபடியே சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிப்பது, அழகுப் பொருள் என்று மாற்றிச் சொன்னால், கருவியில் தவறில்லாவிட்டாலும் பொய் அறிவிப்புக்காக மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தடுத்து வைக்கப்பட்டால், உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டால் அதிகாரிகள் பலர் அதைச் சொல்வதில்லை. கருவியைப் பறிமுதல் செய்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று எழுதிய ரசீது இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள், காலக்கெடுவையும் பெரும்பாலும் அதிலுள்ள தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.