விறகுக்கு ரசீது இல்லை

பிரிட்டனில் வீடுகளில் எரியும் விறகிலிருந்து எவ்வளவு நுண்துகள் காற்றில் கலக்கிறது? 2021இல் வெளியான அரசுக் கணக்கின்படி, நாட்டின் மொத்த பிஎம் 2.5 (விட்டம் 2.5 மைக்ரோமீட்டரைத் தாண்டாத நுண்துகள்) உமிழ்வில் 38 சதவீதம். 2022இல் வெளியான கணக்கின்படி 17 சதவீதம். இடைப்பட்ட ஓராண்டில் மக்கள் அடுப்பை அணைத்துவிடவில்லை. புகைபோக்கிகள் முன்பு போலவே புகைந்துகொண்டிருந்தன. மாறியது கணக்குதான்.

இதைப் படித்தவுடன் "இப்படிப் பாதிக்கும் கீழே இறங்கும் எண்ணை எப்படி நம்புவது?" என்று கேட்கத் தோன்றும். எனக்கோ, இந்தத் திருத்தத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கின் மேல் மதிப்பு கூடியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், ஒரு நாடு தன் காற்று மாசுக்கு எப்படிக் கணக்கு எழுதுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேசிய உமிழ்வுக் கணக்கேடு என்பது அளந்து எழுதிய பட்டியல் அல்ல. பெரிய மின்நிலையங்களின் புகைபோக்கியில் அளவிடும் கருவி இருக்கும், அது உண்மை. ஆனால் கோடிக்கணக்கான வீடுகள், வாகனங்கள், மாட்டுத் தொழுவங்கள், பெயின்ட் அடிக்கும் பட்டறைகள் என ஒவ்வொன்றின் தலைமேலும் கருவி வைக்க முடியாது. ஆகவே பெரும்பாலான எண்கள் ஒரே ஒரு பெருக்கலில் பிறக்கின்றன. ஒரு வேலை எவ்வளவு நடந்தது என்பது ஒரு எண்: எரிந்த விறகு, ஓடிய கிலோமீட்டர், வளர்த்த மாடுகள். அந்த வேலை ஓர் அலகு நடந்தால் எவ்வளவு மாசு வரும் என்பது இன்னோர் எண். இதற்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். இரண்டையும் பெருக்கி, எல்லா மூலங்களையும் கூட்டினால் நாட்டின் மொத்தம் கிடைக்கும். பிரிட்டன் பல மாசுகளுக்கு 1970 முதல் ஆண்டுவாரியாக இப்படிக் கணக்கு வைத்திருக்கிறது.

பெருக்கல் எளிது. பெருக்கப்படும் இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் தரம் இருக்கிறது.

கந்தக டைஆக்சைடை எடுத்துக்கொள்வோம். நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளியேறுகிறது. கந்தக அணுவின் எடை 32, கந்தக டைஆக்சைடு மூலக்கூறின் எடை 64. அதாவது ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ வாயு. ஒரு சதவீதக் கந்தகம் உள்ள ஒரு டன் நிலக்கரியில் 10 கிலோ கந்தகம். வெளிவருவது 20 கிலோ வாயு. சாம்பலோடு தங்கிவிடும் சிறு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிலக்கரியை டன் கணக்கில் எடைபோட்டு விற்கிறார்கள், அதன் கந்தக அளவை ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். இரண்டு எண்களும் உறுதியானவை என்பதால் விடையும் உறுதியானது. 1970க்குப் பிறகு பிரிட்டனின் கந்தக டைஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தது என்று சொல்லும்போது அதைத் தயக்கமில்லாமல் சொல்ல முடிகிறது.

விறகுக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

முதலில் அளவு. எரிவாயுவுக்கு மீட்டர் இருக்கிறது, பெட்ரோலுக்கு வரிக் கணக்கு இருக்கிறது. விறகில் ஒரு பகுதி கடையில் வாங்கியது. மற்றொரு பகுதி தோட்டத்தில் வெட்டிய கிளை, புயலில் சாய்ந்த மரம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பழைய பலகை. அதற்கு ரசீது இல்லை. காட்டோரம் சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் நம் ஊர்ப் பெண்களின் விறகும் எந்தக் கடைக் கணக்கிலும் ஏறுவதில்லை. சிக்கல் எங்கும் ஒன்றுதான். வீடு வீடாகக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பிரிட்டன் அரசு 2015இல் அப்படிக் கேட்டது. அதுவரை கருதியதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறகு எரிகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. கணக்கு மேலே ஏறியது. பிறகு சுற்றுச்சூழல் துறை இன்னும் விரிவான ஓர் ஆய்வு நடத்தி 2020 டிசம்பரில் வெளியிட்டது. வீட்டுக்குள் திட எரிபொருள் எரிப்பவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 சதவீதம் என்று அதில் தெரிந்தது. எந்த வகை அடுப்பு, என்ன விறகு, எவ்வளவு எரிகிறது என்ற விவரங்களும் கிடைத்தன. எரியும் விறகு முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்ததால் கணக்கு கீழே இறங்கியது.

கேள்வி கேட்பதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "குளிர்காலத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு எரியும்?" என்று கேட்டால், மனிதர்களுக்கு நினைவில் நிற்பது நெருப்பருகே உட்கார்ந்திருந்த மாலைகள். மணி நேரத்தை விறகின் எடையாக மாற்றும்போது இன்னோர் ஊகம் சேர்கிறது. யாரும் பொய் சொல்லாமலே விடை பல மடங்கு பிசகிவிடலாம்.

அடுத்தது உமிழ்வுக் காரணி. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. திறந்த கணப்பில் விறகெரித்தால் ஒரு கிகாஜூல் ஆற்றலுக்கு 820 கிராம் பிஎம் 2.5 வரும் என்கிறது அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. சூழல் முத்திரை பெற்ற நவீன அடுப்பு என்றால் 93 கிராம். ஒரு டன் காய்ந்த விறகில் ஏறத்தாழ 16 கிகாஜூல் இருப்பதாக வைத்துக்கொண்டால், திறந்த கணப்பில் 13 கிலோ நுண்துகள், நவீன அடுப்பில் ஒன்றரைக் கிலோ. அதே விறகு, அதே வீடு. எந்த அடுப்பு என்று தெரியாவிட்டால் விடை ஒன்பது மடங்கு வரை தவறலாம். போதாததற்கு, அந்த 820க்குப் பக்கத்திலேயே "410 முதல் 1640 வரை இருக்கலாம்" என்றும் அந்நூல் அச்சிட்டிருக்கிறது. விறகு ஈரமாக இருந்தாலோ, காற்றுத் துளையை மூடிவைத்து இரவு முழுவதும் கனலவிட்டாலோ புகை கூடும். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறிய அளவில் விற்கும் விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டு நிச்சயமின்மைகளும் பெருக்கலில் எப்படிச் சேர்கின்றன என்பது, கணக்கேட்டைத் தயாரிப்பவர்களின் அன்றாட வேலைக்கே வழிகாட்டுகிறது. சதவீதங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அளவில் 5 சதவீதம், காரணியில் 100 சதவீதம் பிழை இருக்கலாம் என்றால், மொத்தப் பிழை 100.1 சதவீதம். அளவை இன்னும் துல்லியமாக்கி 5ஐ 1 ஆக்கினாலும் விடையில் மாற்றமே தெரியாது. அந்தப் பணத்தைக் காரணியை அளப்பதில் செலவிட வேண்டும். அளவே 200 சதவீதம் பிசகியிருக்கக்கூடிய விறகு போன்ற இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஆய்வகத்துக்கு முன்னால் ஊருக்குள் போக வேண்டும். எல்லா மூலங்களுக்கும் சம உழைப்புக் கொடுப்பதும் இல்லை. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மொத்தத்தில் 80 சதவீதத்தை நிரப்பும் மூலங்களை "முக்கிய மூலங்கள்" என்று குறித்து, உழைப்பின் பெரும்பங்கை அங்கே செலுத்துகிறார்கள்.

பிழை பிடிக்கும் உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எளிய வகுத்தல். கணக்கு முடிந்த பிறகு, கிடைத்த உமிழ்வை மறுபடி செயல்பாட்டின் அளவால் வகுக்கிறார்கள். உள்ளே போட்ட காரணியே வெளியே வர வேண்டும். கிடைத்த எண்ணைப் போன ஆண்டோடும், அண்டை நாடுகளோடும் ஒப்பிடுகிறார்கள். ஒரே ஓர் ஆண்டில் அது ஆயிரம் மடங்கு தாவினால், யாரோ டன்னையும் கிலோடன்னையும் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பொருள். மெல்ல மெல்ல விலகினால், உண்மையிலேயே தொழில்நுட்பம் மாறுகிறதா அல்லது தரவு தரும் அலுவலகம் வரையறையை மாற்றிவிட்டதா என்று விசாரிக்க வேண்டும். எரிபொருள்களுக்கு இன்னொரு தணிக்கையும் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் பங்கிட்ட டீசலையெல்லாம் கூட்டினால், தேசிய எரிசக்திப் புள்ளிவிவரத்தில் உள்ள மொத்த டீசலோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ இரண்டு முறை எண்ணியிருக்கிறோம், அல்லது எதையோ விட்டுவிட்டோம்.

விட்டதைச் சொல்வதற்கும் முறை இருக்கிறது. பன்னாட்டுப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடக் கூடாது; பூஜ்யம் போட்டு ஒப்பேற்றவும் கூடாது. அந்த மூலமே நாட்டில் இல்லை என்பதற்கு ஒரு குறியீடு. மூலம் இருக்கிறது, ஆனால் இன்னும் மதிப்பிடவில்லை என்பதற்கு வேறொரு குறியீடு. வேறு கட்டத்தில் சேர்த்துக் காட்டியிருக்கிறோம் என்பதற்கு மற்றொன்று. "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு கண்டிப்பாகப் பிரித்து எழுதும் அரசுப் படிவங்கள் மிகவும் குறைவு.

1979இல் ஜெனீவாவில் கையெழுத்தான, எல்லை தாண்டிய காற்று மாசு பற்றிய உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் பிப்ரவரி 15க்குள் எண்களையும், அவற்றை எப்படிக் கண்டோம் என்று விளக்கும் அறிக்கையை மார்ச் 15க்குள்ளும் அனுப்புகின்றன. பிறகு வேற்று நாட்டு வல்லுநர்கள் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தயாரித்தவரே சரிபார்ப்பது ஒரு வேலை; அதில் கை வைக்காத ஒருவர் பார்ப்பது வேறு வேலை. இரண்டும் நடக்க வேண்டும் என்பது விதி.

இவ்வளவு செய்தும், படிவத்துக்குள் எல்லாம் ஒத்துப்போய், வெளியே காற்றில் ஒத்துப்போகாத நிலை வரலாம். டீசல் கார்களில் அதுதான் நடந்தது. ஐரோப்பிய விதிகள் புதிய டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைக் கிலோமீட்டருக்கு 0.50 கிராமிலிருந்து 0.25க்கும், பிறகு 0.18க்கும் இறக்கின. ஆய்வகச் சோதனையில் கார்கள் தேறின. கணக்கேட்டில் உமிழ்வு சரிந்தது. ஆனால் பிரிட்டன் நகரங்களில் சாலையோரக் கருவிகள் அந்தச் சரிவைக் காட்டவில்லை. சாலையின் குறுக்கே ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அதைக் கடந்து போகும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் அளந்து பார்த்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களோடு பணிபுரிந்தவர்களும் 2011இல் வெளியிட்ட முடிவு: ஓடும் சாலையில் டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு பல ஆண்டுகளாகப் பெரிதாகக் குறையவே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. ஏமாற்று வேலை இல்லாத கார்கள்கூடச் சாலையில் வரம்பை மீறின என்பது பின்னர் தெளிவாயிற்று. காரணிகள் மேலே திருத்தப்பட்டன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. உமிழ்வைக் குறைப்பதாக நாடுகள் வாக்குக் கொடுத்தது பழைய காரணிகளை நம்பித்தான். உண்மையைக் கண்டுபிடித்து எழுதினால் வாக்குத் தவறிய நாடு ஆகிவிடுவோம் என்றால், யார் உண்மையைத் தேடுவார்கள்? இதை முன்பே உணர்ந்து 2012இல் ஒரு வழி செய்தார்கள். அறிவியல் மாறியதால் மட்டுமே வரம்பு மீறியது என்று நிரூபித்தால், வாக்கைக் காப்பாற்றினார்களா என்று சோதிக்கும்போது அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கேட்டில் உண்மையான எண்தான் இருக்க வேண்டும். ஜெர்மனி உட்படச் சில நாடுகள் இந்த வழியைப் பயன்படுத்தின. எனக்கு இது மிக முக்கியமான ஏற்பாடாகத் தெரிகிறது. திருத்துபவர் தண்டிக்கப்படாத இடத்தில்தான் திருத்தம் நடக்கும்.

ஒரு காரணி மாறினால் இந்த ஆண்டு எண்ணை மட்டும் மாற்றக் கூடாது. முதல் ஆண்டிலிருந்து எல்லாவற்றையும் புதிய முறையில் மறுபடி கணக்கிட வேண்டும். விறகுக் கணக்கைத் திருத்தியபோதும் அப்படித்தான் செய்தார்கள். இல்லாவிட்டால் 38இலிருந்து 17க்கு வந்தது ஏதோ பெரிய சாதனை போல வரைபடத்தில் தெரியும். திருத்திய பிறகும் 2020இல் வீட்டு விறகின் பங்கு சாலைப் போக்குவரத்தின் பங்கான 13 சதவீதத்தைவிட அதிகமாகவே நின்றது.

விறகு விவகாரம் அத்தோடு முடியவில்லை. அடுப்பிலிருந்து சூடாக வெளிவரும் புகையில் ஆவியாக இருக்கும் சில பொருள்கள், குளிர்ந்த காற்றைத் தொட்டதும் உறைந்து துகளாகின்றன. புகைபோக்கிக்குள் சூடான வடிகட்டியில் பிடித்து அளந்தால் அவை நழுவிவிடும். நார்வே போலப் புகையைக் காற்றோடு கலந்து ஆறவைத்து அளந்தால் அவையும் பிடிபடும். அதே அடுப்பு, அதே விறகு, இரண்டு முறைகளில் சில மடங்கு வேறுபட்ட விடைகள். ஆகவே ஒவ்வொரு நாடும் தன் காரணி ஆறவைத்து அளந்ததா, சூட்டோடு அளந்ததா என்பதை இப்போது மூலம் மூலமாக அறிக்கையின் பின்னிணைப்பில் குறிப்பிடும்படி கேட்கப்படுகிறது. இரு நாடுகளின் விறகுப் புகையை ஒப்பிட நினைப்பவர் எண்களைப் பார்க்கும் முன் அந்தப் பின்னிணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.